நீங்க முன்னாடி போங்க, சம்பந்தி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும், உன் மாமனாரும் மாமியாரும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உருண்டுகொண்டிருக்கும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த ஊர்ச் சாமியிடம் கேட்டுக்கொண்டேன். கேட்பதற்கு இன்றைக்குத்தான் வாய்த்தது. அதற்கு முன்னால் ஏன் வாய்க்கவில்லை என்பதைக் கீழே எழுதுகிறேன். பதறாமல் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. குளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உன் மாமனாருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. அவரும் அதே குளத்தில்தான் வாய் கொப்பளித்தார். வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்களை வண்டி ஏற்றிவிடும்போது நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அப்பா, நீயும் மாமாவும் சேர்ந்து போய் நாலு கோயிலைப் பார்த்துட்டு வாங்க. நடுவுல ஒரே ஒரு சண்டைன்னு என் காதுல விழுந்துச்சு, ரெண்டு பேருமே பிரசவத்துக்கு வர வேணாம். அம்மாவும் அத்தையும் வந்தாப் போதும். புள்ள நடக்க ஆரம்பிச்சதும் நீங்க வந்து பார்த்துக்கலாம்" என்றாய். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் நீ சொன்னால் செய்வாய். சின்ன வயதில் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தவள்தானே நீ. அதனால் எடுத்த எடுப்பிலேயே எழுதிவிடுகிறேன்: சண்டை எதுவும் நடக்கவில்லை.

உன் கல்யாணத்தன்று நடந்ததை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவர்கள் வந்து இறங்கியபோது வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல நான் இல்லாமல் போனது ஒரு குற்றமா? நம் வீட்டு ஆட்களை ஏற்றிவந்த பஸ்ஸின் டிரைவர் அதை மண்டபத்துக்குப் பின்னால் சுவரோடு சுவராகச் செருகி வைத்திருந்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்தான் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? உன் மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல், போட்டோ எடுக்கும்போது "டிரைவர் சார் கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார். கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலையில் இருந்தவர் இல்லையா, அவர் மெதுவாகச் சொன்னாலே மண்டபம் முழுக்கக் கேட்கும். பெண்ணைப் பெற்றவன் பாதி மூஞ்சியோடு ஆல்பத்தில் நிற்கிறேன். போகட்டும். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே மரியாதை. அவர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், நான் அவரைப் பார்த்தால் உட்கார மாட்டேன்.

அந்த மரியாதையோடுதான் இங்கே லாட்ஜில் வந்து இறங்கினோம். மாப்பிள்ளை இரண்டு அறை சொல்லி வைத்திருந்தார். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் பெரிய கோயில் கோபுரம் அப்படியே கட்டிலில் வந்து விழுகிற மாதிரி தெரிகிறது. இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். "கோபுரம் தெரியிற ரூமை நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி" என்றேன். "சேச்சே, அதெப்படிங்க, நீங்கதான் எடுத்துக்கணும்" என்றார். நான் என் பையைத் தூக்கி மோட்டார் அறையில் வைத்தேன். அவரும் தன் பையைத் தூக்கிக்கொண்டுவந்து மோட்டார் அறையில் வைத்தார். கடைசியில் பெண்கள் இரண்டு பேரும் கட்டிலில், நாங்கள் இரண்டு பேரும் தரையில், நாலு பேரும் அந்த மோட்டார் அறையிலேயே படுத்தோம். கோபுர அறை பூட்டியபடி கிடந்தது. மறுநாள் லாட்ஜ் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் சார், அந்த ரூம்ல ஏதாச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அதைக் கூட்டுகிற அம்மா உள்ளே போக மாட்டேன் என்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

முதல் நாள் பெரிய கோயில். எவ்வளவு பழசு என்கிறாய்! வாசல்படி நடுவில் குழிந்து கிடக்கிறது, அத்தனை கால்கள் மிதித்த கல். அந்தப் படிக்கு முன்னால் நான் நின்றேன், அவரும் நின்றார். "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி." "நீங்க பெரியவரு, நீங்க போங்க." "வயசுல நீங்கதான் மூத்தவரு." "இருக்கட்டுமே, நீங்க பொண்ணைக் குடுத்தவரு." பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு டூரிஸ்ட் கூட்டமே போனது. ஒரு கிழவர் என் கையில் சில்லறை போடப் பார்த்தார். உன் அம்மாவும் உன் மாமியாரும் எப்போது உள்ளே போனார்களோ தெரியாது, மணி அடித்து நடை சாத்துகிறபோது முகமெல்லாம் மலர்ந்து வெளியே வந்தார்கள். "அடடா, என்ன ஒரு தரிசனம்! நீங்க ரெண்டு பேரும் இன்னும் வாசலையே தாண்டலையா?" என்று உன் அம்மா கேட்டாள். நான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த கோயிலுக்கு ஒரு கைடு பேசி வைத்தோம். நல்ல பிள்ளை. இந்த மண்டபத்தை ஒரு ராஜா கட்டினார் என்று அவன் ஆரம்பித்ததுமே உன் மாமனார், "நீ பார்த்தியா? சாட்சி இருக்கா?" என்றார். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு இவரே கைடு ஆனார். போரில் ஜெயித்த ஒரு சேனாதிபதி கட்டிய கோயில், இந்தத் தூணில் வாள் தீட்டிய தழும்பு இருக்கிறது என்றெல்லாம் அந்தக் கோர்ட் குரலில் எடுத்துவிட்டார். எங்களோடு சம்பந்தமே இல்லாத ஏழெட்டுப் பேர் கூடி நின்று கேட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னாலேயே பெரிய பலகை. வியாபாரம் செய்த ஒரு விதவைப் பெண்மணி தன் சொத்தைப் போட்டுக் கட்டிய கோயில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "அப்படிங்களா சம்பந்தி! தழும்பு நல்லாத் தெரியுதுங்க" என்றேன். உனக்காகத்தான்.

பிறகு நான் வழி காட்டினேன். நான் எந்த ஊரிலும் யாரிடமும் வழி கேட்டவன் இல்லை. ஒரு பிராகாரம், இன்னொரு பிராகாரம், ஒரு இருட்டு மண்டபம், வௌவால் வாடை, அதையும் தாண்டி ஒரு கதவு. தள்ளினேன். உள்ளே மங்கலாக ஒரு உருவம். நான் பார்த்தவுடனேயே அது என்னவென்று தெரிந்துகொண்டேன். சாமான் போட்டு வைக்கிற அறை, கால் உடைந்த மரக்குதிரை வாகனம் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. வழி தப்பிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் மாமனார் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். பெரிய மனுஷர் கும்பிடும்போது, "அது குதிரைங்க" என்று எப்படிச் சொல்வது? நானும் கும்பிட்டேன். நல்ல பிரசவம் ஆக வேண்டும் என்றுகூட வேண்டினேன். அவர் கீழே விழுந்து கும்பிட்டார், நானும் விழுந்தேன், சட்டையெல்லாம் ஒட்டடை. வெளியே வந்து அவர், "ரொம்பப் பழைய சந்நிதி போலிருக்கு" என்றார். "ஆமாங்க, கூட்டமே இல்லை பாருங்க" என்றேன்.

மூன்றாவது கோயிலை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு குடையின் கீழே நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டே போனதில் குடை இருந்தும் மழையில் நனைந்தோம் என்பதோடு சரி. அங்கேயும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திரை போட்டுவிட்டார்கள். பெண்கள் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குள் என்ன ஒற்றுமை தெரியுமா! ஒருத்தி சீப்பில் இன்னொருத்தி தலை வாருகிறாள்.

இன்று கடைசிக் கோயில். தெருக்கோடியில் இருக்கிற சின்னக் கோயில், ஆனால் இந்த ஊரிலேயே மூத்தது அதுதானாம். உள்வாசல் குள்ளம், குறுகலும்கூட, குனிந்து ஒரு ஆள் நுழைகிற அகலம்தான். இன்றைக்கும் சாமியைப் பார்க்காமல் போனால் உன்னிடம் என்ன முகத்தோடு வருவது என்ற கவலையில், நான் கொஞ்சம் முன்னால் எட்டு வைத்தேன். அதே கவலையில் அவரும் எட்டு வைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் மாட்டிக்கொண்டோம். அப்போது சில பொதுவான விஷயங்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டோம். விருந்தினரை வரவேற்கும் முறை, போட்டோ எடுக்கும் கலை, குதிரை, இப்படி. கொஞ்சம் உற்சாகமாகவே பேசினோம். அர்ச்சகர் எங்கள் பேச்சில் ஈர்க்கப்பட்டு எழுந்தே வந்துவிட்டார். பிறகு அருமையான தரிசனம். அவ்வளவுதான் நடந்தது. யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

ஆகவே மகளே, நீ சொன்ன சொல்லை அப்பா காப்பாற்றிவிட்டேன். குட்டி பிறக்கும்போது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்க வேண்டும். உன்னை முதன்முதலில் என் கையில் கொடுத்தபோது ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை உனக்கு உறுத்துமோ என்று துண்டை விரித்து வாங்கினேன். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. அதைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, மாடிப்படி ஏறாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா

பி.கு.: சம்பந்தியும் இரண்டு வரி ஆசி எழுத வேண்டும் என்கிறார். தபாலில் போடுவதையும் அவரே பார்த்துக்கொள்கிறாராம். மேலே உள்ளதைப் படிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கோர்ட்டில் இருந்தவர், சொன்ன சொல் தவற மாட்டார்.

மருமகளுக்கு மாமா எழுதுவது. முழுவதும் படித்துவிட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் கதி என்ன என்று கோர்ட்டில் நிறையப் பார்த்தவன் நான்.

உன் அப்பா எழுதியது சுத்தப் பொய். சண்டை நடந்தது. அந்த வாசலில் மாட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டோம். "உடைஞ்ச குதிரையைக் கும்பிட வச்சீங்களே" என்று ஆரம்பித்தது நான். "முதல்ல கும்பிட்டது யாருங்க?" என்று குரலை உயர்த்தியது அவர். குதிரை என்று எனக்கும் தெரியும். அவர் அவ்வளவு தூரம் அழைத்துவந்தாரே, மனசு நோகக் கூடாது என்றுதான் கும்பிட்டேன். அப்புறம் வாசலில் "வாங்க" சொல்லாதது, ஓரமாக நிற்கச் சொன்னது, எல்லாம் வந்தது. ரிவர்ஸ் எடுத்த கதையை அந்த வாசலில்தான் எனக்குச் சொன்னார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்? தொண்டை போனது அதில்தான், குளத்துத் தண்ணீர் பாவம். அர்ச்சகர், "சாமியைப் பார்த்துட்டு அப்புறமா அடிச்சுக்குங்க" என்று திரையை விலக்கினார். போன குரலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாய்விட்டு வேண்டினோம். "பேரப்பிள்ளையை நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா பார்க்கணும்" என்று அவர் கேட்டார். நான் கேட்டதும் அதேதான். லாட்ஜுக்குத் திரும்பியதும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோபுர அறையைத் திறந்து கட்டிலில் நடுவாகப் படுத்துவிட்டார். "யோவ், தள்ளிப் படும்யா" என்று நானும் படுத்தேன். நல்ல தூக்கம்.

நீ போட்ட சட்டப்படி நாங்கள் இருவரும் வரக் கூடாது. தீர்ப்பு சரிதான். ஆனால் இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருக்கிறேன். லாட்ஜிலிருந்து நேரே இங்கே வந்து, நாலு பேரும் பெட்டியோடு வாசலில்தான் நிற்கிறோம். உன் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்கிறார். நான் போக மாட்டேன். நீயே வந்து கதவைத் திற. திறந்து ஒரு "வாங்க" சொல்லு. இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லு.