நேத்துக்காரர் கடை இன்டர்நெட்

உலகத்திலேயே வேகமான இன்டர்நெட் எங்கள் கம்பம் ஊரில்தான் இருந்தது. புரோட்டாக்கடை மாடியில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திய ஒருவரிடம் இருந்தது. கிளிக் செய்து விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நிற்கும். என்ன, அது நேற்றைய பக்கமாக இருக்கும். அதனால் ஊர் அவருக்கு நேத்துக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது.

சூட்சுமம் சாதாரணமானது. நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அதன் நகலைக் கம்ப்யூட்டருக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். கேச் என்பார்கள். அடுத்த முறை கேட்டால், தளத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, மாறாவிட்டால் நகலையே காட்டும். எப்போதெல்லாம் விசாரிக்க வேண்டும் என்று செட்டிங்கில் ஒரு கேள்வி உண்டு. நாமெல்லாம் அந்தப் பக்கமே போவதில்லை. நேத்துக்காரர் போய், 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிட்டு வந்திருந்தார். மாசத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து வரும் நெட். அதை ஒரே பக்கத்துக்கு இரண்டு தரம் செலவழிப்பது ஊதாரித்தனம் என்பது அவர் கட்சி.

பெரியாறு அணை மட்டம் பார்க்கக் கூடலூரிலிருந்து ஒரு விவசாயி வருவார். ஒரு வாரமாக மலையில் பேய்மழை. நேத்துக்காரர் கடையில் மட்டும் அணை ஓர் அங்குலம் ஏறவில்லை.

"ஏப்பா, மேல ஊத்து ஊத்துனு ஊத்துதுங்குறாக. இங்கன மட்டும் ஏற மாட்டேங்குதே?"

"அவுக இன்னும் அளந்து முடிக்கல போலண்ணே," என்றார் நேத்துக்காரர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஊரே அழுதும் சிரித்தும் ஓய்ந்துவிட்டது. அவர் கடையில் மட்டும் 'விரைவில் வெளியாகும்' என்றே இருந்தது. கணக்குப் பரீட்சையை நினைத்துப் பயந்துபோயிருந்த மூன்று பெண்கள் அங்கேயே உட்கார்ந்து, கீழேயிருந்து புரோட்டா வரவழைத்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். யாராவது ரெஃப்ரெஷ் அழுத்தப் போனால்தான் நேத்துக்காரருக்குக் கோபம் வரும்.

எனக்கு அங்கே பிரிண்ட் எடுக்கிற ஜோலி மட்டும்தான். உரக்கடையில் பில் போடுகிற உத்தியோகம் எனக்கு. மதியம் கூட்டம் இல்லாதபோது கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓர் இலவசத் தளத்தில் கட்டுரைகள் எழுதிப் போடுவேன். ஒரு ஈ காக்கை கமென்ட் போட்டதில்லை. வெட்கத்தை விட்டு நேத்துக்காரரிடம் ஒருநாள் முகவரியைச் சொன்னேன். தனக்குப் படிக்கிற பழக்கமே இல்லை என்றுவிட்டார். போய்யா என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். நான் அனுப்பியிருந்த ஒரு கட்டுரை அவருக்குப் பிடித்திருந்தது. இதுவரை எழுதியதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, சரியாக இருந்தால் தொடர் தருகிறேன் என்றார். தலைகால் புரியாமல் ஓடிப்போய்த் தளத்தைத் திறந்தால், தளமே இல்லை. நடத்த முடியாமல் மூடிவிட்டார்களாம். நேராகத் தளத்திலேயே தட்டச்சு செய்கிற சோம்பேறி நான். வேறு நகல் கிடையாது. இரண்டு வருஷ எழுத்தும் போயிற்று, தொடரும் போயிற்று. மாடியேறி நேத்துக்காரரிடம் புலம்பினேன்.

அவர் தன் மேசைக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். யாரையும் தொடவிடாத கம்ப்யூட்டர் அது. என்னிடம் முகவரி கேட்காமலே தட்டினார். என் பக்கம் வந்து நின்றது.

"அண்ணே, அதைத்தான் மூடிட்டாகளே?"

"மூடிட்டாகதான். அந்த விசயம் இதுக்குத் தெரியாதுல்ல தம்பி."

ஒவ்வொன்றாகத் திறந்து பிரிண்ட் போட்டார். கடைசி வாரம் எழுதியதுவரை ஒன்றுகூட விடுபடவில்லை. காகிதங்களை அடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் திறந்து பார்க்காத பக்கத்துக்குக் கேச்சில் நகல் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்ததே இல்லை. அதுவும் போக, நான் புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்க அவர் ஒவ்வொரு தரமும் ரெஃப்ரெஷ் அழுத்தியிருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் படிச்சீகளாண்ணே?"

"கடையில ஆளில்லாத நேரத்துல என்ன செய்ய," என்று பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொடர் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது அதற்காக இல்லை. நான் எழுதினால் படிக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார்.