உரைகல்லார் வெல்டிங் மெஷின் வாங்கிய கதை

டிரெய்லரின் பின்கதவு மறுபடியும் கழன்று, உரைகல்லாரின் கால் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது.

"ஐயோ!" என்று அலறியவர், விரல் தப்பியது தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "பாத்தியா?" என்றார்.

கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி விளக்குமாற்றை நிறுத்தினாள். "அடிபட்டுச்சாங்க?"

"அடி கால்ல படல, மானத்துல பட்டிருக்கு. அதே கீல்! போன மாசம்தான் பட்டறையில குடுத்து வெல்டிங் வச்சுட்டு வந்தேன்."

"வண்டி காலியா இருந்துச்சே, அதைச் சொல்லுங்க."

அது உண்மைதான். அந்தக் கீல் மாதம் தவறாமல் விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஒருமுறைகூடப் பாரம் ஏற்றியிருக்கும்போது விட்டதில்லை. இரும்புக்கும் ஈவிரக்கம் உண்டு போலும்.

பெற்றோர் வைத்த பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. எதையும் உரசிப் பார்க்காமல் ஏற்கமாட்டார் என்பதால் 'உரைகல்' என்று பெயர் வைத்தார்கள்; நரை வந்தபின் மரியாதைக்காக ஓர் 'ஆர்' சேர்த்தார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால், "கேக்காமலே ஏன் சத்தியம் பண்றான்?" என்பார். சத்தியம் செய்யாவிட்டால், "ஏன் பண்ணல?" என்பார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுலபமாகப் பூட்டிக்கொண்டதே என்று பூட்டையும் ஐயுறுவார்.

இப்போது குனிந்து கீலை ஆராய்ந்தார். உடைந்த இடம் கத்தி பட்ட வெண்ணெய்போல வழவழவென்று மின்னியது.

"தானா உடைஞ்ச இரும்பு இப்படியா இருக்கும்? எல்லாம் அந்தப் பட்டறைக்காரன் வேலை. மாசாமாசம் நான் அவன்கிட்ட போய் நிக்கணும்னே செய்றான். இனி அந்தப் பட்டறை வாசலை மிதிக்கமாட்டேன். சொந்தமா வெல்டிங் மெஷின் வாங்குறேன். என்னை ஏமாத்துறது யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்!"

விளக்குமாறு அவள் கையிலிருந்து நழுவியது.

"மெஷின் எதுக்குங்க? பட்டறைக்கே போயிட்டு வாங்க. சோறு கட்டித் தரேன். அவசரப்படாம, பக்கத்துலயே உட்கார்ந்து நல்லபடியா செஞ்சு வாங்கிட்டு வாங்க."

பட்டறைக்குப் போகும் நாளெல்லாம் அவள் அப்படித்தான். அடுக்குப் பாத்திரத்தில் சோறு, குடிக்கத் தண்ணீர், வெயிலுக்குத் துண்டு. டிராக்டர் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்று கையசைப்பாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இப்படியொரு பாசமா என்று அவர் உள்ளுக்குள் நெகிழ்வார். ஆனால் இன்று நெகிழ நேரமில்லை.

"நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற?"

"நான் என்னத்தைப் பேசினேன்? உங்களுக்குத் தெரியாததா?"

உலகில் அவர் ஒருபோதும் சந்தேகிக்காத வாக்கியம் அந்த ஒன்றுதான்.

இரும்புக் கடைக்காரர் பொறுமைசாலி.

"என்ன வேலைக்குங்க ஐயா, மெஷின்?"

"ஏன் கேக்குறீங்க?"

"வேலைக்குத் தகுந்த மெஷினைச் சொல்லத்தான்."

"கலப்பை, டிரெய்லர், தோட்டத்து இரும்புக் கேட்டு... வீட்டு வேலை, காட்டு வேலைதான்."

"அப்போ குச்சியை உருக்கி ஒட்டுற இந்த ராடு மெஷினே போதும். கையில தூக்கிட்டு வயலுக்கே போகலாம். துருப்பிடிச்ச இரும்பையும் பிடிக்கும், காத்தடிச்சாலும் பிடிக்கும்."

"அந்த மூலையில பெரிசா நிக்குதே?"

"அது கேஸ் மெஷின். கம்பி தானா வந்து விழும், ஒட்டு அழகா இருக்கும். ஆனா இரும்பு சுத்தமா இருக்கணும், காத்து அடிச்சா கேஸ் பறந்துடும். மூடின பட்டறைக்குத்தான் லாயக்கு. உங்களுக்கு வேணாங்க."

உரைகல்லாருக்குப் பொறி தட்டியது. விலை கூடிய சரக்கை வேண்டாமென்று சொல்லும் வியாபாரியா? அப்படியொரு பிராணி உண்டா?

"வீட்டுல அம்மா சௌக்கியமாங்களா? இந்தப் பக்கம் வந்து நாளாச்சே" என்றார் கடைக்காரர்.

பொறி தீயாயிற்று. குடும்ப விசாரிப்பு! தலையில் கட்ட நினைக்கும் சரக்குக்கு முன்னால் தடவும் தேன் அல்லவா இது? விறுவிறுவென்று வெளியேறினார்.

பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைக்காரரிடம் கேட்டார்.

"ராடு மெஷினே வாங்குங்க மாமா. என்கிட்டயும் அதுதான் இருக்கு."

தான் விழுந்த குழியில் அடுத்தவனும் விழட்டும் என்கிற நல்லெண்ணம் என்று உரைகல்லார் குறித்துக்கொண்டார்.

கடைசியாகப் பட்டறைக்கும் போனார். வாசலை மிதிப்பதில்லை என்ற சபதம் இருந்ததால், எதிர்ச்சாரியில் நின்றபடி கத்திக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மெஷின் வாங்கணுமாம். எது நல்லது?"

"ராடு மெஷின்தாண்ணே!" என்று பட்டறைக்காரரும் கத்தினார். "முதல்ல கழிச்ச இரும்புல நல்லாப் பழகிக்கச் சொல்லுங்க. ஆமா, கீலை இன்னும் கொண்டு வரலையாண்ணே?"

"விட்டுப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் ஆயிடுச்சேண்ணே! எனக்கே ஒண்ணும் புரியல. என் ஒட்டு கெட்டியாத்தான் நிக்குது. பக்கத்துல, நல்ல இரும்புலதான் விடுது."

"நல்ல இரும்பு தானா உடையுமாக்கும்!" என்று முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. எங்கயோ ஒண்ணா உட்கார்ந்து பேசி வச்சிருக்காங்க" என்றார் மனைவியிடம்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அவள், சுரத்தில்லாமல்.

ஓர் ஆடு இருந்ததாம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, எந்தப் பக்கம் புல் உண்டு என்று பசுவைக் கேட்டது. வலப்பக்கம் என்றது பசு. கழுதையைக் கேட்டது, அதுவும் வலப்பக்கம் என்றது. 'இடப்பக்கத்துப் புல்லை இவை தமக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன' என்று தெளிந்து, ஆடு இடப்பக்கம் நடந்தது. அங்கே ஓநாய் உட்கார்ந்திருந்தது. அது யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் உரைகல்லார் வீட்டில் கேஸ் மெஷின் வந்து இறங்கியது.

முதல் தீப்பொறி பறந்ததும் வீட்டு மின்சாரம் போயிற்று. மின்வாரியத்தின் மீது சந்தேகப்பட்டு, வேறு கம்பி இழுத்தார். மின்சாரம் நிலைத்தது, காற்று வந்தது. கொட்டகைக்கு முன்னால் கேஸ் ஒரு பக்கமும் பொறி ஒரு பக்கமும் போக, கீலில் விழுந்த ஒட்டு கடற்பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதன்மேல் கறுப்புச் சாயம் அடித்தார்.

"சாயம் காஞ்சதும் கெட்டியாயிடும்" என்றார்.

பூசணிக்காய்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது, மேட்டில் பின்கதவு விட்டது. கீலின் சரித்திரத்தில் பாரத்தோடு விட்டது அதுதான் முதல் தடவை. பூசணிக்காய்கள் பள்ளத்தை நோக்கி உருண்டோடின. ஒன்று அஞ்சல்காரரின் சைக்கிளை முந்திச் சென்றது.

"காத்து இல்லாத இடம் வேணும்" என்று முடிவு செய்தவர், டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டி, அதன் பின்பகுதியை வீட்டு முன்னறைக்குள்ளேயே நுழைத்துவிட்டார். சன்னல்களை அடைத்தார். புகைக்கு நடுவில் முகக்கவசத்தோடு நின்று, கம்பிச் சுருள் தீருமளவும் கீலிலும் அதைச் சுற்றியும் உருக்கி ஊற்றினார்.

"இப்ப யார் உடைக்கிறான்னு பாக்குறேன்!"

மனைவி இருமிக்கொண்டே வந்து பார்த்தாள். "ஏங்க, கதவு திறக்கலையே."

"உடையுதா?"

"உடையல. திறக்கவும் இல்ல."

"திறக்காத கதவு எப்படி உடையும்? அதான் வெல்டிங்!"

அதன்பிறகு பூசணிக்காய்களை டிரெய்லருக்குள் ஏறி நின்று, ஒவ்வொன்றாகத் தொட்டில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கவேண்டியதாயிற்று. கழுத்துப் பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரக் கதவில் ஊசிமுனை அளவு இருந்த ஓட்டையை அடைக்கப்போய், அது காசளவு ஆயிற்று. காசை அடைக்கப்போய்த் தட்டளவு ஆயிற்று. மாலையில் அதன் வழியே கன்றுக்குட்டி தலையை நீட்டி, யஜமானரை ஏறிட்டுப் பார்த்தது.

"இது என்ன பார்வை?" என்று கன்றின்மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. மெஷின் வீட்டில் இருந்ததால் அவரும் வீட்டிலேயே இருந்தார். கழுத்து வலித்தபோதெல்லாம் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எண்ணெய்ச் சாடி மூடி ஏன் இந்தப் பக்கமாத் திரும்பியிருக்கு?"

"நான்தாங்க திறந்தேன்."

"எதுக்கு?"

"எண்ணெய் எடுக்க."

"பக்கத்து வீட்டம்மா வந்தாங்களே, என்னைப் பாத்ததும் ஏன் திரும்பிட்டாங்க?"

"உங்களைப் பாத்ததாலதான்."

"பால் பொங்கினப்ப ஏன் சிரிச்ச?"

"இனிமே சிரிக்கல."

உண்மையாகவே அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பகலெல்லாம் டிரெய்லர் கதவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதன் கீலைத் தொட்டுத் தடவி, பெருமூச்சுவிட்டதையும் அவர் கவனித்தார். அன்று அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏங்க, அந்த மெஷினைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க. பட்டறைக்காரர்கிட்ட போய், இதை வெட்டி எடுத்துட்டுப் பழைய மாதிரியே ஒரு கீல் வைக்கச் சொல்லுங்க. எனக்காக."

கட்டியவள் கலங்கினால் கல்லும் கரையும், உரைகல்லும் கல்தானே. "உனக்காக" என்றார்.

மறுநாள் காலை, அடுக்குப் பாத்திரத்தில் வழக்கத்தைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தது. அவர் திருப்பத்தில் மறையும்வரை அவள் வாசலில் நின்று கையசைத்தாள். பக்கத்து வீட்டம்மாவும் சேர்ந்து கையசைத்தது மட்டும் அவருக்குச் சற்று விசித்திரமாகப் பட்டது.

கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் மெஷினை உள்ளே தள்ளினார்.

"ஏன் ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிறீங்க?"

"நீங்க திரும்ப வருவீங்கன்னு தெரியுங்க ஐயா. ராடு மெஷினா மாத்திக்கிறீங்களா?"

"வேணாம். பட்டறைக்கே போறேன். ஆனா ஒண்ணு. அந்தக் கீலை வச்சு என்னை ஏமாத்துறவன் யாரா இருந்தாலும், ஒருநாள் கையும் களவுமாப் பிடிப்பேன். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது."

"அது தெரியாதுங்களா!" என்ற கடைக்காரர், எதையோ நினைத்துக்கொண்டு உள்ளே போய், மெல்லிய காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"நல்ல வேளை, நீங்களே வந்தீங்க. இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க. மாசம் தவறாம வாங்குற ஆக்ஸா பிளேடுதான், கீல் இரும்பையும் சத்தமில்லாம அறுக்கும். எதுக்கும்மான்னு கேட்டா, 'அரை நாள் நிம்மதிக்கு'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க!"