ஒன்பது உறுமல்கள்

நாற்காலியில் இருந்த தபால்காரர் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

பரிசோதகர் கருவியைப் பார்த்தார். அவர் இன்னும் எந்த ஒலியையும் அனுப்பவே இல்லை. தபால்காரரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“எதுக்கு அமுக்கினீங்க?”

“சத்தம் கேட்டா அமுக்கச் சொன்னீங்களே. கேட்டுச்சு.”

“என்ன மாதிரி சத்தம்?”

“தண்ணி லாரி மேடு ஏறுற மாதிரி.”

பரிசோதகர் மெல்லத் தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அந்தக் காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்க ஒரே ஓர் அறைதான். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் கைக்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்கும். இடம் போதாததால் பரிசோதகரும் உள்ளேயே, நோயாளியின் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவருடையது ஆறு மாதத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, பழையபடி டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கே அனுப்புவதா என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை.

இதற்கிடையில்தான் அவர் மனைவி போனில் ஒரு கட்டுரை படித்தாள். குடலில் நல்ல பாக்டீரியா குடியிருக்க வேண்டுமாம். அதை அன்றாடச் சாப்பாட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். திங்கட்கிழமை காலையிலேயே ஒரு பெரிய கிண்ணம் தயிரை அவர் முன்னால் வைத்துவிட்டாள். எதையும் குறித்து வைக்கும் வழக்கமுள்ள அவர் அன்று மாலை நோட்டில் எழுதினார்: ‘தயிர், ஒரு கிண்ணம். உறுமல், மூன்று.’

மனைவியிடம் முறையிட்டதற்கு அவள் அசரவில்லை.

“நல்லது கெட்டதோட சண்டை போடுதுங்க. ஆள் பத்தல போலிருக்கு.”

செவ்வாய்க்கிழமை ஆள் சேர்ந்தது. உப்பு நீரில் புளிக்கப்போட்ட முட்டைக்கோஸ். உறுமல் ஐந்து. புதன்கிழமை இரண்டுக்கும் மேலே ஒரு டம்ளர் புளிக்கவைத்த தேநீர். உறுமல் பதினொன்று, நடுவில் ஒரு விசில். ‘கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும்’ என்று அதே கட்டுரையில் ஒரு வரி இருந்ததைத் தேடிப் பிடித்து அவளிடம் காட்டினார்.

“கொஞ்சம் கொஞ்சமாத்தானே சேர்க்கறேன்? ஒரு நாளைக்கு ஒண்ணு” என்றாள்.

வியாழக்கிழமை ஒன்றும் சாப்பிடாமல் வந்தார். வெறும் வயிறு அதைவிட மோசம். தபால்காரர் லாரியைக் கேட்டது அன்றைக்குத்தான். வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். சத்தம் குறையவில்லை, சுருதி ஏறியது.

மாலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜையில் அந்த வாரத்து ரிப்போர்ட்டுகள் பரப்பிக் கிடந்தன.

“பதினாலு பேர். பதினாலு பேருக்கும் தாழ்வான சத்தம் மட்டும் பிரமாதமாக் கேட்குது. அதுல ரெண்டு பேர் காதுக் கருவி வாங்க வந்தவங்க. தேவையில்லைன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிட்டாங்க.”

நல்ல பாக்டீரியா என்று சொல்ல வாயெடுத்த பரிசோதகர், கடைசி நேரத்தில் இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டார். டாக்டரம்மா உடனே மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் பத்தே நிமிடத்தில் இயந்திரத்தைத் திறந்து பார்த்து, திருகாணியை மாட்டிவிட்டு, மிஷின்ல ஒரு குறையும் இல்லை, ஆளைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

“நாளைக்கு ஒருத்தரை அனுப்பறேன்” என்றார் டாக்டரம்மா. “அவர் காது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்க ரிப்போர்ட்டும் என்கிட்ட இருக்கற பழைய ரிப்போர்ட்டும் ஒத்துப்போனா இந்த வேலை உங்களுக்கு. இல்லேன்னா டோக்கன் ஜன்னல்.”

வெறும் வயிறும் உதவாது என்று தெரிந்துவிட்டதால், வெள்ளிக்கிழமை காலை மனைவி நீட்டிய மூன்றையும் விதியே என்று விழுங்கிவிட்டு வந்தார்.

வந்தவர் ஓய்வுபெற்ற பூட்டுக்கடைக்காரர். கூடவே அவர் மனைவி, வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். மருமகள், பக்கத்து வீட்டுக் குழாய், முழங்கால் வலி என்று ஒன்று விடாமல் சொன்னார்.

“மூணு வருஷமா இவருக்கு ஒண்ணுமே கேட்காது. நான் சுவத்தோடதான் பேசறேன். அதுக்காகப் பேசாம இருக்க முடியுமா, சொல்லுங்க?”

அந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்துவதே பெரும்பாடாகிவிட்டது. அந்த அம்மா சொன்னதைப் பரிசோதகர் மறுபடி நினைத்துப் பார்த்தார். மூன்று வருடமாக ஒன்றுமே கேட்காது. அவருக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு வந்தது. உலகத்திலேயே தன் வயிற்றைக் கேட்க முடியாத ஒரே மனிதரையல்லவா டாக்டரம்மா அனுப்பியிருக்கிறார்!

முதல் உறுமல் இரண்டாவது நிமிடத்தில் வந்தது. பெரியவர் சிலை மாதிரி இருந்தார். ஐந்தாவதில் மேஜைமேல் இருந்த பேனா அதிர்ந்தது. பெரியவர் அசையவில்லை. ஒன்பதாவது, இரும்புக் கட்டிலை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போவதுபோல நீண்டது. பெரியவரின் கட்டைவிரல் மட்டும் பொத்தான்மேல் லேசாக நடுங்கியது. வயதாகிவிட்டதே, பாவம்.

டாக்டரம்மா அந்த அறைக்கே வந்து இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அச்சு அசல். திங்கக்கிழமையிலேருந்து நீங்க நிரந்தரம்.”

டாக்டரம்மா வெளியே போனதும் பெரியவரின் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழாயிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. பரிசோதகர் பெரியவரின் ஹெட்போனைக் கழற்றினார். பெரியவர் எழுந்துபோய்க் கதவை நன்றாகச் சாத்தினார். திரும்பி வந்து பரிசோதகரின் காதருகே குனிந்தார்.

“ஒம்பது தடவை, தம்பி. அந்தப் பட்டனை அமுக்காம இருக்கறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு.”