பஸ்கி உட்கார்ந்த கதை

ஓசூர் ஆம்பளைகள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, இதில் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், யோசிக்காமல் பஸ்கியைத்தான் கை காட்டுவேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வரிசையிலேயே அகலமான தோள் அவனுடையதாகத்தான் இருக்கும். அவன் பனியனோடு தெருவில் வந்தால் எதிரே வருகிற ஷேர் ஆட்டோ ஓரம் கட்டும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் பயத்தைத் தவிர வேறு சாமான் எதுவும் கிடையாது.

அப்பா அம்மா வைத்த பெயர் கம்பெனி பஞ்சிங் மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் பஸ்கி. உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்களே, அந்த பஸ்கி. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போடுவான். கேன்டீன் வரிசையில் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி போடுவான். மிஷினில் ஜாப் ஓடி முடிகிற இடைவெளியில் போடுவான். ஒருமுறை பாகலூரில் மாமனார் வீட்டுச் சாவுக்குப் போனவன், பாடை கட்டுகிற வரைக்கும் சும்மா நிற்க முடியாமல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த ஒரு கிழவி, துக்கம் தாங்காமல்தான் பிள்ளை விழுந்து விழுந்து எழுகிறான் என்று நினைத்து, அவனைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிறவியில் வந்ததில்லை. எங்கள் ஷிப்டில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சின்ன வயசு, கொஞ்சம் தொப்பை, எப்போதும் சிரித்த முகம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தூக்கியவர்களில் பஸ்கியும் ஒருவன். மாரடைப்பு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் பயந்தோம். பிறகு பழையபடி போண்டா தின்ன ஆரம்பித்தோம். பஸ்கிக்கு மட்டும் அந்த பயம் இறங்கவே இல்லை. ஜிம்மில் போய்ச் சேர்ந்தான்.

அந்த ஜிம்முக்கு ஒரு மாஸ்டர். அவர் கை என் தொடை அளவு இருக்கும். வலது கையில் சிங்கத்தைப் பச்சை குத்தியிருப்பார். முழங்கையை மடக்கினால் தசை புடைத்து சிங்கம் வாயைத் திறக்கும். பையன்கள் அதைப் பார்ப்பதற்கென்றே பணம் கட்டிச் சேருவார்கள். "நீ தூங்குற நேரத்துல உன் தொப்பை முழிச்சிருக்குதுடா" என்பதுதான் அவருடைய உபதேசம்.

பஸ்கி தூக்கத்தைக் குறைத்தான். சோற்றை நிறுத்தினான். அவன் பெண்டாட்டி ரத்னா கிளறுகிற ராகிக் களியைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். உப்பில்லாமல் வேகவைத்த கோழிதான் சாப்பாடு. முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை வெளியே எறிவான். எங்கள் தெரு நாய்கள் அந்த வருஷம் பளபளவென்று ஆனதற்கு அவன்தான் காரணம். விடியும் முன்னால் ஓட்டம், பிறகு ஷிப்ட், பிறகு ஜிம், வீட்டுக்கு வந்தால் மறுபடியும் இரும்பு தம்புல்ஸ் தூக்குவான். எங்களுடையது லைன் வீடு. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தம்புல்ஸைத் தரையில் வைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஸ்டாண்டில் டம்ளர்கள் நடுங்கும்.

ரத்னா பாகலூர்க்காரி. அப்பன் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்று மொழியிலும் வாயாடுகிறவள் கொஞ்சம் கொஞ்சமாக மூன்றிலும் பேச்சைக் குறைத்தாள். ஒரு பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பண்டிகை முடிந்தது. அவள் வரவில்லை.

அப்புறம்தான் ஒருநாள் கம்பெனி வாசல் டீக்கடையில், டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பஸ்கி என்னிடம் சொன்னான்.

"ணா, எனக்கு வீட்டுல ஒண்ணும் முடியல ணா."

"என்னடா முடியல?"

"இஷ்டமே வரமாட்டேங்குது. உடம்பும் எழும்பல. பல மாசம் ஆச்சு. அவ இருந்தப்போ, பக்கத்துல வந்தா தூங்குற மாதிரி திரும்பிப் படுத்துக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

மாஸ்டரிடம் பொதுவாக, யாருக்கோ என்று சொல்லி, கேட்டிருக்கிறான். பஸ்கி போட்டால் இடுப்புக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடும், இன்னும் ஏற்று என்றாராம். ஏற்றியிருக்கிறான். நிலைமை இன்னும் இறங்கியது. இன்னும் ஏற்றினான். பள்ளத்தில் விழுந்தவன் வெளியே வருவதற்காக மண்வெட்டி வாங்கிய கதை இது.

அதோடு விட்டானா? லாட்ஜில் ரூம் போட்டு மாசத்துக்கு ஒருதரம் வருகிற வைத்தியரிடமும் போயிருக்கிறான். எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். அந்த ஆள் இவன் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நரம்பு தளர்ந்துபோச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல மொத்தமா போயிடும்" என்றிருக்கிறான். இவ்வளவு பெரிய உடம்புக்காரன் அழுதுகொண்டே லேகியம் வாங்கி வந்திருக்கிறான். எங்கள் பக்கத்துப் பையன்களின் பயத்தை இப்படிப் பாட்டிலில் அடைத்து அவர்களுக்கே விற்கிறவர்களைத் தொழிற்பேட்டை முழுக்க ஓடவிட்டு அடிக்க வேண்டும். லேகியத்தைச் சாக்கடையில் கொட்டினேன். நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மஞ்சள் கரு தின்று வளர்ந்த நாய், அதற்குத் தரம் தெரியும்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். ஓசூர் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றான். கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? அந்தச் செய்தி அவனுக்கு முன்னால் பாகலூர் போய்விடுமே? கர்நாடகா பார்டர் தாண்டினால் மானம் தப்பிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே அத்திப்பள்ளி பக்கம் ஒரு கிளினிக்கைப் பிடித்தோம். என் பைக்கில் போனோம். இறங்கிய பிறகும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"கழட்டுடா, உள்ள போகணும்."

"வேணாம் ணா. இப்படியே வரேன்."

ஓசூரில் போலீஸ் எத்தனை தடவை மறித்தும் தலையில் ஏறாத ஹெல்மெட், கிளினிக்குக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். போனால், பெஞ்சில் வரிசையாக ஹெல்மெட்டுகள். சத்தியமாகச் சொல்கிறேன். கறுப்பு, சிவப்பு, கண்ணாடி இறக்கியது, ஸ்டிக்கர் ஒட்டியது. ஒருத்தன் தாடைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். எல்லா ஹெல்மெட்டும் என்னைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தது.

பெயர் கேட்டார்கள். பஸ்கி "குமார்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்து "குமார்" என்று கூப்பிட்டாள். பெஞ்சில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நர்ஸுக்கு இது பழக்கம்போல. "ஓசூர் குமாருங்க எல்லாம் வந்த வரிசையில வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் குமார் எழுந்தான். போகிற போக்கில் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்யக் கையை மடக்கினான். அவன் கையில் ஒரு சிங்கம் வாயைத் திறந்தது.

என் முழங்காலில் பஸ்கியின் விரல்கள் ஆணி மாதிரி இறங்கின. மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டார். ஹெல்மெட் கண்ணாடியைப் பாதி தூக்கினார், பஸ்கியையே பார்த்தார், கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கண்ணை நான் மறக்க மாட்டேன். அதிலும் அதே பயம்தான் இருந்தது. எந்த உடம்பைப் பார்த்து இவன் ஏற்றிக்கொண்டிருந்தானோ, அந்த உடம்பே இங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பஸ்கி எழுந்து வெளியே ஓடப் பார்த்தான். பெல்ட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் அவன் உட்கார்ந்தவன் உடனே எழாமல் இருந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

உள்ளே போனால் டாக்டர் ஒரு அம்மா. பஸ்கி மறுபடியும் பெயரைக் குமார் என்றான். அந்த அம்மா கன்னடம் கலந்த தமிழில் நேரடியாகக் கேட்டார். காலையில் எழும்போது எழுச்சி இருக்கா? ஆசை வருதா? உடம்பு ஏத்தற ஊசி ஏதாவது போட்டுக்கறியா? பஸ்கி எல்லாவற்றுக்கும் மின்விசிறியைப் பார்த்தே பதில் சொன்னான். இல்ல மேடம். வரல மேடம். ஊசி இல்ல மேடம், புரோட்டீன் பவுடர்தான். எவ்வளவு எக்சர்சைஸ் என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாக ஒப்பித்தான். அவன் ஒப்பிக்க ஒப்பிக்க அந்த அம்மாவின் முகம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள், மற்ற பரிசோதனைகளும் செய்தார்கள். அந்த ரிசல்ட் வருகிற வரைக்கும் அவன் தூங்கவில்லை. எங்கள் வீட்டு டம்ளர்களும் தூங்கவில்லை.

மறுபடியும் போனோம். ரிசல்ட்டில் சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. ஆண் ஹார்மோன் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. விந்தணுவும் குறைவு.

"இவ்ளோ வேலை, இத்தனூண்டு சாப்பாடு, தூக்கமும் இல்ல" என்றார் டாக்டர். "ஊர்ல பஞ்சம் வந்துட்டுதுன்னு உன் உடம்பு நெனச்சுக்கிச்சுப்பா. பஞ்சத்துல யாராவது புள்ள பெத்துக்குவாங்களா? அதான் அந்தக் கடைய மூடிடுச்சு."

"திறக்குமா மேடம்?"

"பஞ்சம் தீந்துபோச்சுன்னு அதுக்கு நம்பிக்கை வரணும். அளவா செஞ்சா எக்சர்சைஸ் நல்லதுதான். நீ செய்யறது தண்டனை. இப்போதைக்கு நிறுத்து. சோறு தின்னு, தூங்கு. ஹெதரபேடி, பயப்படாத. பெரும்பாலும் திரும்பிடும்."

திரும்பிடும் என்ற வார்த்தைக்கு அவன் சிரித்திருக்க வேண்டும். நிறுத்து என்ற வார்த்தைக்கு அழுதான். வெளியே பைக் பக்கத்தில் நின்று, ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதான். கண்ணாடியில் ஆவி படிந்து முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"நிறுத்தினா நானும் நம்ம சூப்பர்வைசரு மாதிரி விழுந்துடுவேன் ணா. அவரு தலை என் கையிலதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அதுதான் என் சுபாவம். நன்றாகத் திட்டினேன். சாவுக்கு பயந்து வாழாமலே இருக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். பிறகு அவனைப் பின்னால் உட்கார வைத்து, நேராக பாகலூருக்கு வண்டியை விட்டேன். குதித்துவிடுவேன் என்று வழியெல்லாம் மிரட்டினான். குதிடா, அதுவும் எக்சர்சைஸ்தான், டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்றேன்.

ரத்னா ரோஜாத் தோட்டத்தில் பூவை அட்டையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் பம்புசெட்டுப் பக்கம் இருந்ததால் பிழைத்தோம். பஸ்கி அவள் முன்னால் போய் நின்றான். பஸ்கி போட முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது, நான் முறைத்தேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தான். டாக்டர், பஞ்சம், மூடிய கடை, எல்லாம். நான் திரும்பிக்கொண்டு, பூவுக்கு மருந்தடிக்கிற மிஷினை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையிலிருந்த கட்டை முடித்து, அடுத்த கட்டுக்கு அட்டையை எடுத்தாள். பந்தம் அறுந்துபோச்சு என்று சொல்லிவிட்டால் இவனை எப்படி வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

"வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன்" என்றாள் ரத்னா. "இருந்திருந்தா கொண்டையப் புடிச்சு நாலு இழுப்பு இழுத்திருப்பேன். பஸ்கிக்கு எங்கய்யா இருக்குது கொண்டை? நான் எதைப் புடிச்சு இழுக்கட்டும்?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து, வீட்டுக்குள் போய் ஒரு மூட்டை ராகி மாவோடு வந்தாள். மூன்று பேரும் மூட்டையும் ஒரே பைக்கில் ஓசூர் வந்து சேர்ந்தோம்.

அன்றிலிருந்து சர்வாதிகாரம். தம்புல்ஸ் இரண்டும் ஊறுகாய் ஜாடி மேல் வெயிட்டாகப் போயின. களி உருண்டை அவன் முன்னால் வந்து விழும், முட்டை முழுசாக உள்ளே போகும். தெரு நாய்கள் இளைத்துவிட்டன. அவன் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால், "மூச்சு சத்தம் கேக்குது, எழுந்திரிக்காம உக்காரு" என்று ரத்னா போடுகிற சத்தம் லைன் முழுக்கக் கேட்கும். ஆரம்பத்தில் தினமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவருவான். "நின்னுடுச்சு ணா" என்பான். கை வைத்துப் பார்த்து, ஓடுகிறது என்று சொல்லி அனுப்புவேன். மாஸ்டர் ஜிம்மில் இப்போது ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிறார்களாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

அடுத்த பரிசோதனையில் ஹார்மோன் தரையை விட்டு எழுந்திருந்தது. விசேஷம் ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டு விஷயம். சுவருக்கு அந்தப் பக்கம் தம்புல்ஸ் சத்தம் இல்லை. சில சமயம் ரத்னா சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவேன்.

பயம் மட்டும் அவனை விட்டு முழுசாகப் போகவில்லை, போகாது. இப்போது டாக்டர் அவனை நடக்கலாம் என்று விட்டிருக்கிறார், ஓடக் கூடாது. சாயந்தரம் ஏரிக்கரையில் நடக்கிறான். எனக்கு மூட்டு வலி, நடப்பது என்றாலே ஆகாது. இருந்தாலும் தினமும் கூடப் போகிறேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக நடக்கிறேன். என்னை விட்டுவிட்டு ஓட அவனுக்கு மனசு வராது.