ஒரு குருவிக்கு எத்தனை லைப்ரரி

"சிவப்பா ஏதோ போட்டிருக்கே மாப்பிள்ளை, நல்லதுக்கா கெட்டதுக்கா?"

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடிவந்து, கடைசி வரி மட்டும் சிவப்பாக நின்றிருந்தது. ஏதோ ஒரு லைப்ரரியைக் காணோமாம்.

"சின்ன விஷயம்தான் மாமா," என்றான் மருமகன். எது சின்ன விஷயம் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பான். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

அவன் வேலை பார்த்தது சாஃப்ட்வேர் கம்பெனியில்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அங்கே அவன் பார்த்தது லிஃப்ட்டை, ஏ.சி.யை, தண்ணீர் பம்ப்பை, தீப்பிடித்தால் கத்தும் மணியை. பன்னாட்டு நிறுவனத்தின் மாடிகள் ஒழுகாமல், புழுங்காமல், இருட்டாமல் இருப்பது அவன் பொறுப்பு. பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய பெரியம்மா, "பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில பில்டிங்குல இருக்கான்" என்று சரியாகத்தான் சொன்னாள். "ஓ, பில்டிங்கா! புரோகிராமைக் கட்டி எழுப்பற வேலையாச்சே, அதுதான் ரொம்பக் கஷ்டமாம்" என்று யாரோ ஒரு சித்தப்பா வியந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் வாய் நிறைய இனிப்பு வைத்திருந்த மருமகனும் தலையாட்டிவிட்டான். விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அதற்குப் பிறகு சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவே இல்லை. மனைவிக்கு உண்மை தெரியும். "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். இப்போது அவள் ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டுதானோ என்னவோ, மாமனார் ஃபோன் செய்தார். "மாப்பிள்ளை, உங்க லைன்ல ஒரு வேலை இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

வேலை இதுதான். பால்கனிக்கு வெளியே இருந்த மரத்தில் ஏதோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் படவே இல்லை. மாமனார் அதன் குரலை ஃபோனில் பதிவு செய்து பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். குரலைக் கொடுத்தால் என்ன பறவை என்று சொல்லும் புரோகிராம் ஒன்று இலவசமாகவே கிடைத்தது. ஆனால் எழுதிய புண்ணியவான் அதைத் தைத்த சட்டையாகக் கொடுக்காமல் துணியும் அளவுமாகக் கொடுத்திருந்தார். வாங்கியவர்தான் தன் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, அதாவது தைத்து, போட்டுக்கொள்ள வேண்டும். தைக்கத் தேவையான நூலும் பொத்தானும்தான் இந்த லைப்ரரிகள்; அவற்றையும் அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

மருமகன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஃபோனை எடுத்தான். அவன் கம்பெனியில் நிஜமாகவே புரோகிராம் கட்டும் வேலை பார்ப்பவன் ஒருவன் இருந்தான். எல்லோரும் அவனைத் தாடி என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட அவனை மருமகன்தான் வெளியே எடுத்தான். அந்த நன்றி இன்னும் காயவில்லை.

"என்ன எரர் வருது?" என்றான் தாடி.

"சிவப்பு எரர்."

"டேய், கலரையா கேட்டேன்? எழுத்துக் கூட்டிப் படி."

படித்தான். தாடி சொன்ன கட்டளையைக் கையில் எழுதிக்கொண்டு வந்து தட்டினான். அந்த லைப்ரரி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும், தனக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்டது.

"எங்க எக்ஸ்சேஞ்சுல ட்ரங்க் கால் போடற மாதிரியே இருக்கு," என்று மாமனார் உற்சாகமானார். அவர் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். "பக்கத்து ஊரைக் கேட்டா அவன் அடுத்த ஊரைக் கேள்னுவான். அவன் வேற ஒருத்தனைக் காட்டுவான். கடைசியில கூப்பிட்டவன் தூங்கிப் போயிருப்பான்."

மருமகன் மறுபடியும் குளியலறைக்குப் போனான்.

"மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையா?" என்று மாமியார் சமையலறையில் இருந்து கேட்பது காதில் விழுந்தது.

"லைப்ரரி ரொம்பப் புதுசாயிடுச்சு," என்றான் தாடி ஃபோனில். "அந்தப் புரோகிராம் பழசு. புதுசைத் தூக்கிட்டுப் பழசைப் போடு."

புதுசைத் தூக்கினான். அது போகும்போது தனியாகப் போகவில்லை, கூடப்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனது. கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுவிட்டது. குருவியும் இல்லை, பாட்டும் இல்லை.

"இப்ப குரலே கேட்கலையே மாப்பிள்ளை?"

"கட்டும்போது சத்தத்தை நிறுத்தித்தான் வைப்பாங்க மாமா. இல்லாட்டி டிஸ்டர்ப் ஆகும்."

சொன்ன பிறகு அவனுக்கே கூச்சமாக இருந்தது. மாமனார் மட்டும், "ஆமாமா, அதுவும் சரிதான்" என்றார்.

சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர தாடி ஒரு வழி சொன்னான். சத்தம் வரவில்லை, எழுத்துகள் போய்விட்டன. திரையில் எழுத்து இருந்த இடத்திலெல்லாம் குட்டிக் குட்டிக் கட்டங்கள். கட்டங்களை எழுத்தாக்கப் போனதில் கம்பைலர் கோபித்துக்கொண்டது. அந்தக் கம்பைலர்தான் துணியைத் தைக்கிற மெஷின். அதைப் புதிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்று தாடி அடித்துச் சொன்னான். மருமகன் புதிதாக்கிவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரையில் ஒன்றுமே வரவில்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் இடது மூலையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன சொல்லுது?" என்றார் மாமனார்.

"யோசிக்குது, மாமா."

"எனக்கென்னமோ அழுவுற மாதிரி இருக்கு."

மருமகன் குளியலறைக் கதவு வரை ஓடி, ஃபோனை மேசையிலேயே விட்டது தெரிந்து திரும்பிவந்தான். உள்ளே இருப்பது மாமனார் ஒரு வருஷமாகச் சேர்த்த குரல்கள். வெறும் குருவிச் சத்தம்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் அவர் பெயர் வைத்திருந்ததை அவன் பார்த்திருந்தான். 'மழைக்கு முன்', 'மழைக்குப் பின்', 'கோபமாக', 'யாரையோ கூப்பிடுகிறது'. வேலை தெரியாத ஒருவன் தலையாட்டியதற்கு அத்தனையும் போயிற்று என்றால் என்ன முகத்தோடு சாப்பிட உட்காருவது?

தாடி சொன்னபடி கடைக்கு ஓடி ஒரு பென்டிரைவ் வாங்கிவந்து, அதன் வழியாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான். குரல்கள் பத்திரமாக இருந்தன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் அவன் முதுகில் தட்டி, "சரி சரி, ஒண்ணும் ஆகலையே. அவசரமே இல்லை. இன்னிக்கு இங்கேயே தங்கிடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

தங்கினான். மறுநாளும் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தான், அதற்கடுத்த சனிக்கிழமையும். எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, ஒவ்வொரு லைப்ரரியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, கட்ட விட்டால், அது பல்லில்லாதவர் வேர்க்கடலை மெல்லுகிற வேகத்தில் நகர்ந்தது. அதுவரை இருவரும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போகவும் முடியாது. நடுவில் எப்போது சிவப்பு வரும் என்று யாருக்குத் தெரியும்?

"எக்ஸ்சேஞ்சுல எனக்கு எல்லார் குரலும் தெரியும்," என்றார் மாமனார் ஒருநாள். "'ஹலோ'ங்கறதுக்கு முன்னால மூச்சு விடறதை வச்சே யாருன்னு சொல்லிடுவேன். ஆனா என் வேலை என்ன? இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துவிட்டு, பேச ஆரம்பிச்சதும் லைனை விட்டு விலகிடணும். ஆயுசு முழுக்க அதைத்தான் செஞ்சேன்."

"ஒட்டுக் கேட்டதே இல்லையா மாமா?"

"ஒரே ஒருத்தரை. அந்தம்மா இப்ப உள்ளே டீ போட்டுக்கிட்டு இருக்கா."

மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளேயிருந்து, "காது கேட்குது" என்று குரல் வந்தது.

அந்த நேரத்தில் பால்கனி மூலையில் இருந்த ஏ.சி. வெளிப்பெட்டி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மருமகன் யோசிக்கவே இல்லை. "ஃபேன் பேரிங் காய்ஞ்சிருக்கு, ஸ்க்ரூடிரைவர் குடுங்க மாமா" என்று எழுந்து, பெட்டியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மூடினான். சத்தம் அடங்கியது. பிறகுதான் தான் செய்தது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் மாமனார் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை எவ்வளவு நிதானமா போகுது," என்றார். "கம்ப்யூட்டர் முன்னாடி மட்டும் ஏன் நடுங்குது?"

"அது... குளிர், மாமா."

"ம்," என்றார் அவர். அத்தோடு விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எழுத்துகள் ஓடி முடிந்தபோது சிவப்பே இல்லை. மருமகன் திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினான். எங்குமே இல்லை. புரோகிராம் திறந்தது. முதல் சோதனையாக அவன் இருமிக் காட்டினான். 'ஆந்தை' என்றது. மாமியார் உள்ளே பாத்திரத்தைப் போட்டார். 'மரங்கொத்தி' என்றது. பிறகு மாமனார் 'யாரையோ கூப்பிடுகிறது' என்ற பதிவைக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கதிர்க்குருவி' என்று பதில் வந்தது.

"மாமா! கதிர்க்குருவியாம்!"

"அப்படியா," என்றார் மாமனார்.

அவ்வளவுதான். ஒரு வருஷம் தேடிய பெயர். கைதட்டுவார், கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்த மருமகனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மாமனார் பால்கனியில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப... இனிமே நீங்க வரவேண்டிய வேலை இல்லை, இல்லையா?"

"அதான் முடிஞ்சுடுச்சே மாமா."

"முடிஞ்சுதான் போச்சு. ஆனா மாப்பிள்ளை, இன்னொண்ணு இருக்காம். அந்தச் சத்தத்தையெல்லாம் படமா வரைஞ்சு காட்டுமாம். அதையும் கட்டித்தான் போடணுமாம். இதைவிடக் கஷ்டம்னு போட்டிருக்கான்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மருமகன் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனான். மாமியார் கைகழுவிக்கொண்டிருந்தார். அவனால் இனிமேல் முடியாது. குளியலறைக் குழாய்த் தண்ணீரும் தாடியின் பொறுமையும் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாமாகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். எனக்கு இந்தப் புரோகிராம் கட்டற வேலையெல்லாம் சுத்தமாத் தெரியாது. நான் அங்கே கட்டடத்தைத்தான் பார்த்துக்கறேன். லிஃப்ட், ஏ.சி., பம்ப்பு. மாமா, வேலை தெரிஞ்ச ஆள் யாரையாவது கூப்பிட்டிருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காது."

மாமியார் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, பால்கனிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரிஞ்ச ஆள் ஒருத்தர் முதல்லயே வந்து, போட்ட டீ ஆறறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு மாப்பிள்ளை, அதை அழிச்சுட்டுத்தான் உங்க மாமா உங்களுக்கு ஃபோன் பண்ணாரு."