எம்பி சிபாரிசு செய்த பெட்டிசம்

அன்று தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள்: எம்பி. அவருடைய செயலாளர். தோட்டத்துத் தொரை. பங்கு ஃபாதர். என் மனைவி மேரி. நான். வீட்டுப் பட்டியலில் பேர் இருந்த மற்றக் குடும்பங்கள். கடைசியாக, தோளில் பையோடு தப்பால்.

தப்பால் என்றால் ஆள். பசறைத் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குக் கடிதம் சுமப்பவர். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவர் அளவுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதியவர் பதுளை மாவட்டத்தில் பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்க முடியாது. காகிதம் மிச்சமில்லை.

ஃபாதரின் பிரசங்கம் நீளம் என்று பிஷப்புக்கு எழுதினார். எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் படம் எடுத்து எடுத்து ரயில் பிந்துகிறது என்று ரயில்வேக்கு எழுதினார். சம்சாரம் குழம்புக்கு உப்புப் போடுவதில்லை என்று மாமனாருக்கு எழுதினார். பதில் வந்தது. "உப்பை நீங்களே போட்டுக்கொள்ளவும்." அதையும் அவரேதான் சுமந்து வந்தார்.

ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்சுவரில் கை நுழைகிற வெடிப்பு. மேலே மலை. மண் சரியும் இடம் என்று அரசாங்க ஆட்கள் வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மழை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். ஏழு பேர்ச் அளவு காணியும் வீடும் தருவதாகப் பட்டியல் போட்டார்கள். என் பேர் இருந்தது. அதே லயத்தில் இருந்த தப்பாலின் பேரும் இருந்தது. பட்டியல் எம்பி கையில். அந்த மாதங்களில் நான் சத்தமாக இருமக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தப்பாலுக்கு அந்த யோசனை வந்தது.

"ஜனாதிபதிக்கு ரெண்டு தடவைதான்னு சட்டம் இருக்கு. எம்பிக்கு மட்டும் சாவுற வரைக்குமா? நம்ம ஆளுக்கு இது அஞ்சாவது தடவை. அரசியலமைப்ப மாத்தணும்."

"அதுக்கு மூணுல ரெண்டு பங்கு எம்பிமாரு கை தூக்கணுமே" என்றேன்.

"ஆமா."

"தன் வேலை போறதுக்குத் தானே தூக்குவானா?"

"நீ கேட்டுப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"நானும் கேக்கல. அதான் எழுதுறேன்."

பெட்டிசத்தில் முதல் பேர்காரன்தான் மாட்டுவான். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டார். வட்டத்துக்குள் விஷயம். சுற்றிலும் கையெழுத்து. யார் முதல், யார் கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில் நானும் போட்டேன். மேரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெரட்டுக் களத்துக்கு எம்பி வந்தது வீடு கொடுக்கும் கடிதம் அடுத்த மாதம் வரும் என்று சொல்ல. சொன்னார். கை தட்டினோம். தட்டி முடிக்குமுன் தப்பால் முன்னால் போய்விட்டார். மேரி ஜெபமாலையை எடுத்தாள்.

"என்னா பெட்டிசம்? ரோடா? தண்ணியா?"

"சட்டத்தத் திருத்தணுங்க ஐயா."

"திருத்திருவோம், திருத்திருவோம்" என்றார் எம்பி. கண் அடுத்த ஆளைப் பார்த்தது. கை பேனாவைத் திறந்தது. வாசிக்காமல் 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பெட்டிசத்துக்கும் அவர் அப்படித்தான். இடம் இல்லாததால் எங்கள் வட்டத்திலேயே போட்டார்.

யாரோ போனில் படம் எடுத்தார்கள். மறுநாள் பசறை சிரித்தது. பதுளை பஸ்ஸில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் செயலாளர் ஜீப்பில் வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"எங்கய்யா அந்தப் பேப்பரு?"

"கொழும்புக்கு ரெஜிஸ்டர்ல போயிருச்சுங்க. போட்டோ காப்பி இருக்கு. வேணுங்களா?" என்றார் தப்பால்.

செயலாளர் காப்பியை வாங்கித் திருப்பினார். மறுபடி திருப்பினார். தலைகீழாகப் பார்த்தார். கழுத்துதான் வலித்திருக்கும்.

"இதுல மொதப் பேரு யாரு?"

செயலாளர் காப்பியை மடித்தார்.

"சரி. ஆள் தெரியாட்டி பட்டியல்ல ஒரு பேரும் இருக்காது. எல்லாரும் லயத்துலயே கெடங்க."

மேரி என் கையைப் பிடித்தாள். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

"மொதப் பேரு என்னுதுங்க" என்றார் தப்பால்.

"வட்டத்துக்கு ஏதுய்யா மொதலு?"

"வரைஞ்சவனுக்குத் தெரியுங்க."

காப்பியை வாங்கித் தன் பேருக்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினார். பேனாவை மூடாமல் எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ரெண்டு என்று எழுத யாராவது வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அவருக்கு அடுத்துத்தான் நின்றேன். நிலத்தைப் பார்த்தேன். பேனாவை மூடிப் பையில் போட்டார்.

அடுத்த மாதம் வீட்டுக் கடிதங்கள் வந்தன. அவரே சுமந்து வந்து கொடுத்தார். அவருக்கு வீட்டுக் கடிதம் இல்லை. கொழும்பிலிருந்து மட்டும் ஒன்று. கௌரவ உறுப்பினரின் சிபாரிசுடன் கிடைத்தது, பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. அதை லயம் முழுக்க வாசித்துக் காட்டினார்.

"பாத்தியா? பரிசீலிக்கிறானுக."

"ஒங்க வீடு போச்சேண்ணே."

"அதுக்குத் தனிப் பெட்டிசம் போட்டிருக்கேன்."

அந்தப் பதில் இன்னும் வரவில்லை. சட்டமும் மாறவில்லை. அவர் இன்னும் வெடித்த லயத்தில்தான் இருக்கிறார். நாங்கள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் கதவு சரியாகப் பூட்டுவதில்லை என்று அதற்கும் ஒரு பெட்டிசம் போட்டிருக்கிறார். நான் எழுதச் சொல்லவில்லை. மழை இருட்டினால் மேரி என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. அரிசியைக் கூடுதலாகப் போடுகிறாள். பாயை எடுத்து விரிக்கிறாள். நான் குடையோடு போய் அவரையும் சம்சாரத்தையும் கூட்டி வருகிறேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மழை என்றால் ஆறு.