மச்சான்கள் கால்பந்துக் கழகம்

என் ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவை என் மனைவியின் தம்பிமார்களுக்குச் சொந்தமாக இருந்தன.

கூடப்பிறந்தவர்கள், சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள் என்று ஒரு முழுக் கால்பந்து அணிக்கே அவளுக்கு ஆள் உண்டு. நிஜமாகவே அணி வைத்திருந்தார்கள். வாரம் தவறாமல் தோற்றார்கள். அவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவது, தண்ணீர் சுமப்பது, தோற்ற பிறகு முதுகைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் மாமாவாகிய என் பொறுப்பு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க ஊராருக்கெல்லாம் பார்வையைத் தெளிவாக்கி அனுப்புகிறேன். ஒரு நாளாவது எதையும் தெளிவாகப் பார்க்காமல் கனவு கண்டுகொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்போதுதான் கண்ணாடி வாங்க வந்த பேராசிரியை ஒருவர், தங்கள் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் நடக்கும் படிப்பைப் பற்றிச் சொன்னார். அன்று மாலையே வீட்டில் விஷயத்தை அவிழ்த்தேன்.

"நான் படிக்கப் போறேன்."

"என்ன படிப்பு?"

"விளையாட்டு மேலாண்மை. பல்கலைக்கழகத்துல."

"பஸ்ஸைப் பிடிக்கக்கூட நீங்க ஓடி நான் பாத்ததில்லையே."

"ஓடுறவங்களைக் கட்டி மேய்க்கிற படிப்பும்மா. நான் எதுக்கு ஓடணும்?"

"வகுப்பு என்னிக்கு?"

"அதான் பாரு, ஞாயித்துக்கிழமையாப் போச்சு." முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"அப்போ தம்பிங்களை யாரு கூட்டிட்டுப் போறது?"

"படிப்புன்னு வந்துட்டா பாசம் பாக்க முடியுமா?"

"சரி, போய்ப் படிங்க" என்றாள். அவ்வளவு சாதுவாக அவள் பேசியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகா, அந்த வகுப்பு. கடைசி வரிசையில் ஜன்னலோரம் எனக்கு. கீழே பல்கலைக்கழக மைதானம். தண்ணீர்த் தெளிப்பான்கள் மெல்லச் சுழன்று புல்லை நனைத்துக்கொண்டிருக்கும். விளம்பரதாரர், வீரர் ஒப்பந்தம், புல்தரைப் பராமரிப்பு என்று பேராசிரியையின் குரல் எங்கோ மிதந்துகொண்டிருக்கும். நான் பெரிய அரங்கத்தின் உச்சியில், கண்ணாடி அறைக்குள் மேலாளராக நிற்பேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூக்கும். அணித் தலைவன் வந்து, "ஐயா, இன்னிக்கு எப்படி ஆடட்டும்?" என்று கேட்பான். "அழகா ஆடுங்கப்பா" என்பேன்.

"டிக்கெட் விலையை எப்போ ஏத்தணும்? நீங்க சொல்லுங்க" என்று பேராசிரியை மேஜையைத் தட்டினார்.

"அந்தி சாயறப்போ, மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்புகூட ரசிகர்களின் ஆரவாரமாகத்தான் கேட்டது.

அப்புறம்தான் இடி இறங்கியது. இனி வகுப்பு கிடையாது, ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கழகத்தில் ஒரு ஆட்டப் பருவம் முழுக்க மேலாளராக வேலை பார்க்க வேண்டும், கழகத்தின் செயலாளர் 'தேறினார்' என்று சொன்னால்தான் பட்டம் என்றார்கள். பெரிய கழகங்களின் வாசலுக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். காவலாளியைத் தாண்ட முடியவில்லை.

என் அதிர்ஷ்டம், பேராசிரியை கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்யக் கடைக்கு வந்த நேரத்தில் என் மனைவியும் சாப்பாட்டோடு அங்கே இருந்தாள்.

"மேடம், சின்னக் கழகமா இருந்தாப் பரவாயில்லையா?" என்று அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

"சின்னதுதான் நல்லது. எல்லா வேலையும் கத்துக்கலாம். செயலாளர் யாரு?"

"நான்தான்" என்றாள் என் மனைவி.

"நீ எப்போலேர்ந்து?" என்றேன்.

"நீங்க படிக்கப் போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. தம்பிங்களை யாராவது பாத்துக்கணுமில்ல?"

பழையபடி வேன், பழையபடி தண்ணீர். போதாக்குறைக்கு மேலாண்மை வேறு சேர்ந்துகொண்டது. மைதானத்துப் புல்லை நான் வெட்டினால் அது புல்தரைப் பராமரிப்பு. சேறு படிந்த ஜெர்சிகளை நான் துவைத்தால் அது உபகரண நிர்வாகம். முன்பு வெறும் மாமா. இப்போது 'மேனேஜர் மாமா'.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாலையில் மொட்டை மாடிக் கொடியில் ஜெர்சிகளைக் காயப்போடுவேன். காற்று உள்ளே புகுந்ததும் தொந்தியும் தோளுமாக எல்லாம் உப்பிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். ஒரு மாலை, அகலமான ஜெர்சி ஒன்று கொடியின் கோடியில் நின்று மொத்தக் காற்றையும் மறித்துக்கொண்டிருந்தது. குண்டு மச்சானுடையது. பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த ஞாயிறு அவனைக் கோல் கம்பங்களின் நடுவே நிறுத்தினேன். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. கழகம் முதல் தடவையாக ஜெயித்தது. மச்சான்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தபோது அந்தச் சின்ன மைதானம் எனக்குப் பெரிய அரங்கமாகவே தெரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பருவம் முடிந்தது. பட்டம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பேராசிரியை வீட்டு வாசலுக்கே வந்து, "தேறிட்டாரா?" என்று செயலாளரைக் கேட்டார்.

என் மனைவி மாடிக் கொடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "நல்லாத்தான் செய்யறார் மேடம். இன்னும் ஒரு சீசன் பழகட்டும்."

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெயிச்சுக் குடுத்தேனே, எதுக்கு என்னை ஃபெயிலாக்கின?"

"பாஸாயிட்டா நீங்க பெரிய கழகத்துக்குப் போயிடுவீங்க" என்றாள். எவ்வளவு நம்பிக்கை என் மேல் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அப்புறம் இந்த ஜெர்சியெல்லாம் யாரு துவைக்கிறது?"